ஆய்வு விருதுக்கு நான்கு துறையினர்: எச்-குறியீட்டை வைத்து ஒப்பிடுவது நியாயமா?

இயற்பியல் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். காவிரிப் படுகையில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். எங்கள் நிர்வாகம் இந்த ஆண்டு முதல் சிறந்த ஆய்வாளருக்கு விருது வழங்கத் தீர்மானித்திருக்கிறது. பொற்கிழி உண்டு. அதைவிடப் பெரியது, விருது பெறுபவருக்கு ஓராண்டுக்கு வகுப்புச் சுமை பாதியாகக் குறையும் என்பது. வாரம் முழுவதும் வகுப்பு, பிறகு விடைத்தாள், பிறகு தரமதிப்பீட்டுக் கோப்பு என்று ஓடும் எங்களுக்கு அந்த ஓய்வு நேரம்தான் உண்மையான பரிசு. அது உரியவருக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தேர்வுக் குழுவில் நானும் இருக்கிறேன். முதல் கூட்டத்திலேயே ஒருவர், "கூகுள் ஸ்காலரைத் திறப்போம், யாருக்கு எச்-குறியீடு அதிகமோ அவருக்குக் கொடுத்துவிடுவோம்" என்றார். ஒருவரின் கட்டுரைகளைப் பிற ஆய்வாளர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதிலிருந்து கணக்கிடும் எண் அது. முதல்வருக்கும் இந்த யோசனை பிடித்துவிட்டது. எண்ணைக் காட்டினால் யாரும் வந்து கேள்வி கேட்க மாட்டார்கள் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பரிசீலனையில் இருப்பவர்கள் நான்கு பேர். ஒருவர் கணிதம், இயற்கணித வடிவியலில் பத்துப் பன்னிரண்டு கட்டுரைகள், பெரும்பாலும் தனியாக எழுதியவை, எச்-குறியீடு 4. அடுத்தவர் உயிர்வேதியியல், ஐம்பதை நெருங்கும் கட்டுரைகள், எச்-குறியீடு 19. மூன்றாமவர் என் துறைக்காரர். ஜெனீவாவில் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் பெருங்கூட்டு ஆய்வு ஒன்றில் பல ஆண்டுகள் இருந்தவர். அவர் பெயர் தாங்கிய கட்டுரைகள் பல நூறு, எச்-குறியீடு 80ஐத் தாண்டுகிறது. நான்காமவர் தாவரவியல். கொல்லிமலை, பச்சைமலை என்று அலைந்து செடிகளைச் சேகரித்து வகைப்படுத்துகிறவர். எச்-குறியீடு 5.

எண்ணை மட்டும் பார்த்தால் என் துறைக்காரர் போட்டியே இல்லாமல் வென்றுவிடுவார். அவருடைய உழைப்பை நான் அறிவேன், மதிக்கிறேன். ஆனால் 80க்கும் 4க்கும் நடுவே நிற்கும் இந்த இடைவெளி இரண்டு மனிதர்களுடையதா, இரண்டு துறைகளின் பழக்கத்தால் வந்ததா? கூட்டாகச் செய்த ஆய்வில் ஒருவரின் பங்கை எப்படிக் கணக்கிடுவது? ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் போன்ற கட்டணத் தரவுத்தளங்களுக்குச் சந்தா கட்ட வசதியில்லாத கல்லூரி இதையெல்லாம் செய்ய முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள். இந்த மாத இறுதிக்குள் விதிமுறையை எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற நூலகர், மதுரை

அம்மா, வணக்கம். பல்கலைக்கழக நூலகத்தில் பணியாற்றிய காலத்தில் பதவி உயர்வுக் கோப்புகளுக்கு மேற்கோள் அறிக்கை தயாரிப்பது என் பொறுப்பு. நீங்கள் கேட்பது அந்த மேசையில் நாள்தோறும் வந்து உட்கார்ந்த கேள்வி. ஆகவே சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

எச்-குறியீட்டை 2005இல் முன்மொழிந்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவரின் கட்டுரைகளில் 19 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 19 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச் 19. அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அதை முன்மொழிந்த அதே கட்டுரையில் ஹிர்ஷ் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறார். இயற்பியலில் அவர் கண்ட உச்ச அளவு எட்வர்ட் விட்டனுடைய 110. உயிர் அறிவியலில் சாலமன் ஸ்னைடருடைய 191. இதைக் காட்டி, துறைக்குத் துறை அளவு மாறும் என்று அவரே எழுதிவைத்தார். விருதுக் குழுக்கள் சூத்திரத்தை எடுத்துக்கொண்டன, எச்சரிக்கையை விட்டுவிட்டன.

ஏன் மாறுகிறது? உயிர்வேதியியல் கட்டுரையின் கடைசியில் ஐம்பது, அறுபது மேற்கோள்கள் இருப்பது இயல்பு. கணிதக் கட்டுரைக்கு இருபது இருந்தாலே நிறைவு. உயிர்வேதியியலில் ஆய்வாளர்கள் மிக அதிகம். இன்று வெளியான முடிவை அடுத்த ஆண்டே பத்து ஆய்வகங்கள் எடுத்தாளும். கணிதத்தில் ஒரு தேற்றம் பத்தாண்டு கழித்து இன்னொருவர் கைக்குப் போகும். நெல்லை மூட்டையிலும் மல்லிகையை முழத்திலும் அளக்கிறோம். மூன்று மூட்டை பெரிதா நான்கு முழம் பெரிதா என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் குழு அப்படி ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

துறைகளைக் கடந்து ஒப்பிட வேண்டுமென்றால், ஒவ்வொரு கட்டுரையையும் அதன் சொந்தத் துறைக்குள் முதலில் நிறுத்திப் பாருங்கள். அதே துறையில், அதே ஆண்டில் வெளிவந்த, அதே வகைக் கட்டுரைகள் உலக அளவில் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்று எடுத்து, இந்தக் கட்டுரை பெற்றதை அதனால் வகுக்க வேண்டும். 1 வந்தால் உலகச் சராசரி. ஒரு பேச்சுக்கு, கணிதக் கட்டுரைக்கு 12 மேற்கோள், அதன் துறைச் சராசரி 4 என்றால் விடை 3. உயிர்வேதியியல் கட்டுரைக்கு 40, சராசரி 25 என்றால் 1.6. பன்னிரண்டு நாற்பதை முந்திவிட்டது பாருங்கள். இதைத் துறை எடையிட்ட மேற்கோள் தாக்கம் என்கிறோம்.

இதிலும் ஒரு குழி உண்டு. கட்டுரைகள் குறைவாக இருக்கும்போது ஒரே ஒரு கட்டுரை எகிறினால் மொத்தச் சராசரியும் எகிறிவிடும். உங்கள் கணித ஆசிரியரிடம் இருப்பவையே பத்துப் பன்னிரண்டுதான். ஆகவே சராசரியைவிடச் சதமான இடம் நம்பகமானது: தன் துறையில், தன் ஆண்டில், முதல் 10 சதவீதத்துக்குள் வந்த கட்டுரைகள் எத்தனை? அதைக் கேளுங்கள்.

சந்தா இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் தரவுத்தளம் இலவசம்; துறை எடையிட்ட அளவையும் சதமானத்தையும் அதுவே தருகிறது. உயிர் மருத்துவக் கட்டுரைகளுக்கு அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் ஐசைட் கருவி இருக்கிறது. கணிதத்துக்கு இசட்பிமேத் 2021 முதல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. நால்வரையும் ஒப்பிடும்போது மட்டும் ஒரே தரவுத்தளத்தில், ஒரே நாளில் எடுங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்வரைவு, மாநாட்டுத் தாள் என்று எல்லாவற்றிலிருந்தும் மேற்கோள் பொறுக்கும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களில் மட்டும் பார்க்கும். ஒரே மனிதருக்கு இரண்டிலும் இரண்டு எண் வரும். ஒருவருடையதை இங்கிருந்தும் மற்றவருடையதை அங்கிருந்தும் எடுத்த அறிக்கைகள் என் மேசைக்கு வந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இனி நம் ஊருக்கே உரிய சிக்கல், பெயர். உலகத் தரவுத்தளங்கள் குடும்பப்பெயரை அடிப்படையாக வைத்துக் கட்டப்பட்டவை. நமக்கு ஏது குடும்பப்பெயர்? ச. செந்தில்குமார் என்று எழுதுகிற ஒருவரை ஓர் இதழ் குமார் என்ற குடும்பத்தில் சேர்க்கும், இன்னொன்று செந்தில்குமார் என்று முழுதாக வைக்கும், மூன்றாவது இதழ் தலைப்பெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரையே ஆசிரியர் பெயராக்கிவிடும். ஒரே மனிதர் மூன்று கணக்குகளாகச் சிதறிவிடுவார். மூன்றிலும் எச் குறைந்து நிற்கும். மறுபுறம், எஸ். குமார் என்ற ஒரே பெயரின் கீழ் பற்பல எஸ். குமார்களின் கட்டுரைகள் குவிந்து கிடக்கும். யாரோ எழுதியதன் பெருமை யாருக்கோ சேரும். திருமணத்துக்குப் பின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்களின் நிலை இன்னும் மோசம். முனைவர் பட்டக் காலத்து நல்ல கட்டுரைகள் பழைய பெயரிலேயே தங்கிவிடுகின்றன. எத்தனையோ பெண் ஆய்வாளர்களின் பட்டியலை உட்கார்ந்து ஒட்டவைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், இதைச் செய்யாமல் விட்ட குழுக்களில் எத்தனை பேர் விடுபட்டார்களோ என்ற கவலைதான் வரும். 2012இல் வந்த ஆர்கிட் எண் இதற்காகவே உருவானது. 16 இலக்கம், இலவசம், பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது. நால்வரிடமும் அதைக் கேளுங்கள். இல்லாதவர் உடனே பெற்றுக்கொள்ளட்டும். பட்டியலை அவரவரே சரிபார்த்துக் கையெழுத்திட்ட பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

தன்மேற்கோளையும் தனியே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். தன் முந்தைய கட்டுரையை ஒருவர் சுட்டுவது குற்றமில்லை, தொடர் ஆய்வுக்கு அது தேவை. அளவு மீறும்போதுதான் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் நம் நாளிதழ்களில் "உலகின் முதல் 2 சதவீத விஞ்ஞானிகள்" என்று வரும் ஸ்டான்ஃபோர்டு பட்டியல் தெரிந்திருக்கும். ஜான் இயோனிடிஸ் குழு 2019இல் வெளியிட்ட முறை அது. அறிவியலை 22 துறைகளாகவும் 174 உட்பிரிவுகளாகவும் பிரித்து, தன்மேற்கோளுடன் ஒன்று, இல்லாமல் ஒன்று என இரண்டு தரவரிசை தருகிறார்கள். எச்-குறியீட்டோடு நிற்காமல், இணை ஆசிரியர் எண்ணிக்கைக்கேற்பத் திருத்திய எச், தனி ஆசிரியராகவும் முதல் ஆசிரியராகவும் கடைசி ஆசிரியராகவும் எழுதியவற்றுக்கான மேற்கோள் என ஆறு அளவைகளைச் சேர்க்கிறார்கள். செய்தியில் பெயர் மட்டும் வருகிறது, இந்த நுணுக்கம் வருவதில்லை.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து பிறந்தது ராமச்சந்திரன் வரைபடம். இன்று புரத வடிவத்தைச் சரிபார்க்கும் ஒவ்வொரு ஆய்வகத்திலும் அது புழங்குகிறது. ஆனால் பயன்படுத்துகிறவர்களில் பலர் அந்த 1963ஆம் ஆண்டுக் கட்டுரையை மேற்கோளாகக் காட்டுவதில்லை. பெயரே பொதுச் சொல்லாகிவிட்டது. மறுபக்கம், ஆலிவர் லௌரி 1951இல் புரதத்தின் அளவைக் கண்டறிய எழுதிய செய்முறைக் கட்டுரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்று உலகில் முதலிடத்தில் நிற்கிறது. ஒரு செய்முறை மேற்கோளைக் குவிக்கும், ஓர் அடிப்படைக் கண்டுபிடிப்பு மேற்கோள் தேவைப்படாத அளவுக்கு எங்கும் பரவிவிடும். உங்கள் உயிர்வேதியியல் ஆசிரியரின் 19ஐப் பார்க்கும்போதும் எந்தக் கட்டுரைக்கு, எதற்காக மேற்கோள் வந்தது என்று திறந்து பாருங்கள்.

கணித ஆய்வாளர், சென்னை

நூலகர் ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். கணிதத்தின் தரப்பில் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

எங்கள் துறையில் ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில்தான் வரும். "முதல் ஆசிரியருக்குக் கூடுதல் மதிப்பெண்" என்று உங்கள் விதிமுறையில் எழுதிவிட்டால், பெயர் அகர வரிசையில் முன்னால் வரும் எழுத்தில் தொடங்குகிறவர் ஒவ்வொரு முறையும் பயனடைவார். நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றத்தில் நரசிம்மன் முன்னால் நிற்பது எழுத்து வரிசையால். சேஷாத்ரியின் பங்கு குறைவு என்று கணிதம் தெரிந்த யாரும் நினைக்க மாட்டார்கள்.

அந்தத் தேற்றத்தையே பாருங்கள். உங்கள் ஆசிரியர் உழைக்கும் இயற்கணித வடிவியல்தான். 1965இல் வெளிவந்தது. சைமன் டொனால்ட்சன் அதற்கு முற்றிலும் வேறு பாதையில் புதிய நிறுவலைத் தந்தது 1983இல். பதினெட்டு ஆண்டுகள்! அதன் பிறகு அது கிளைவிட்டுப் பரவிய பரப்பு மிகப் பெரியது. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று காட்டும் தாக்கக் காரணி முந்தைய இரண்டே ஆண்டுகளின் கட்டுரைகளைத்தான் கணக்கில் எடுக்கும். இந்த நீளத்து அறிவுப் பயணத்தை இரண்டு ஆண்டுச் சாளரம் வழியே பார்த்தால் எதுவும் தெரியாது.

சிறிய துறை என்பதால் எண்களைக் குலைப்பதும் எளிது. சில பேர் சேர்ந்து ஒருவரையொருவர் மேற்கோள் காட்டிக்கொண்டால் போதும், உச்சிக்குப் போய்விடலாம். கிளாரிவேட் நிறுவனம் 2023ஆம் ஆண்டின் அதிக மேற்கோள் பெற்ற ஆய்வாளர் பட்டியலிலிருந்து கணிதத் துறையையே நீக்கிவிட்டது. எண்ணுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம் அந்த முடிவுக்கு வந்திருக்கிறது என்றால், ஒரு கல்லூரிக் குழு அதே எண்ணை நம்பி இறங்குவது சரியாகுமா?

அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது அந்தத் துறை தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ஒரு பக்கக் கருத்துரை, எந்த எண்ணையும் விட உங்களுக்கு உதவும்.

துகள் இயற்பியல் ஆய்வாளர், பெங்களூரு

செர்ன் கூட்டு ஆய்வில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் சக ஆசிரியரின் 80 பொய்யல்ல, ஆனால் அது அவருடைய தனிச் சொத்தும் அல்ல.

2015இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்து செர்னின் அட்லஸ், சிஎம்எஸ் இரண்டு ஆய்வுக் குழுக்களும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில் ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கங்களில் ஆய்வும் மேற்கோள்களும் 9 பக்கம். மற்ற 24 பக்கங்களும் பெயர்களும் நிறுவனங்களும். ஒரு குழுவில் சேர்ந்து, கருவிப் பராமரிப்பு, தரவுச் சரிபார்ப்பு போன்ற பொதுப்பணியைச் செய்து தகுதி பெற்றவர் பெயர் அந்தக் குழுவின் கட்டுரைகள் அனைத்திலும் வரும். உணர்கருவியின் ஒரு பகுதியை ஆண்டுக்கணக்கில் கட்டியவருக்கு இப்படித்தான் நன்றி செலுத்த முடியும் என்பது எங்கள் துறையின் நியாயம். அந்த நியாயத்தை நான் இன்றும் ஏற்கிறேன். கருவி இல்லாமல் தரவு ஏது?

சிலர் ஒரு கட்டுரையை 5,154ஆல் வகுத்து ஆளுக்குப் பங்கு கொடுப்பார்கள். அப்படிச் செய்தால் பல ஆண்டு உழைப்பு பூச்சியத்துக்கு அருகில் போய்விடும். அதுவும் அநீதி. ஆகவே பெருக்கலையும் வகுத்தலையும் விட்டுவிட்டு, அவரிடம் நேரடியாகக் கேளுங்கள்: எந்தப் பகுதியை நீங்கள் கட்டினீர்கள், எந்தப் பகுப்பாய்வை நீங்கள் எழுதினீர்கள்? வெளியே வராத உட்குறிப்புகளில் ஆசிரியர்கள் சிலரே இருப்பார்கள். உண்மையில் வேலை செய்தவர்கள் அவர்கள்தான். குழுவின் சார்பில் மாநாட்டில் பேச அவரைத் தேர்ந்தெடுத்தார்களா என்றும் பாருங்கள். அந்த வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. எங்கள் துறையின் இலவசத் தரவுத்தளமான இன்ஸ்பயரில் பத்து ஆசிரியர்களுக்கு உட்பட்ட கட்டுரைகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். கல்லூரிக்குத் திரும்பிய பின் தன் மாணவர்களோடு அவர் என்ன செய்தார் என்பது அதில் பளிச்சென்று தெரிந்துவிடும். விருது இன்றைய ஆய்வுக்கு நேரம் கொடுப்பதற்காக என்றால் அதுதானே முக்கியம்?

மற்றத் துறைகளுக்கு ஒரு யோசனை. பல இதழ்கள் இப்போது கருத்துருவாக்கம், ஆய்வு, மென்பொருள், எழுத்து, மேற்பார்வை என 14 வகைப் பங்களிப்புகளில் யார் எதைச் செய்தார்கள் என்று கட்டுரையிலேயே அச்சிடுகின்றன. உயிர்வேதியியல் கட்டுரைகளில் அந்தப் பகுதியைப் படித்துப் பாருங்கள். அங்கே கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வகத் தலைவருடையது. எங்கள் துறையில் கடைசிப் பெயருக்கு அகர வரிசையைத் தவிர வேறு பொருள் கிடையாது. ஒரே விதியை இரண்டுக்கும் போட முடியாது.

ஹிக்ஸ் துகளை 1964இல் முன்கணித்த பீட்டர் ஹிக்ஸே அதற்குப் பிறகு மிகக் குறைவாகத்தான் எழுதினார். இன்றைய சூழலில் தனக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்று அவர் 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். உங்கள் முதல்வருக்கு இதைக் காட்டுங்கள்.

உதவிப் பேராசிரியை, சுயநிதிக் கல்லூரி

எல்லோரும் எண்ணுக்கு எதிராகப் பேசுகிறீர்கள். என் அனுபவம் வேறு. நான் பணியாற்றும் இடத்தில் "நிபுணர் கருத்து" என்ற பெயரில்தான் விருதுகள் கைமாறின. நிர்வாகத்துக்கு வேண்டியவர், துறைத்தலைவரின் மாணவர், இன்னாருடைய உறவினர் என்றே போகும். ஒருமுறை எண்களை மேசையில் வைத்து வாதாடியதால்தான் ஓர் இளம் ஆசிரியருக்கு நியாயம் கிடைத்தது. எங்களைப் போலச் சிபாரிசு இல்லாதவர்களுக்கு எண் ஒரு கேடயம். அதைப் பிடுங்கிவிட்டு "படித்துப் பாருங்கள்" என்றால், படிக்கப் போவது யார்? அவர்களைத் தேர்ந்தெடுப்பது யார்?

இணை ஆசிரியர் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மாணவர் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் துறைத்தலைவர் பெயரைச் சேர்க்க வேண்டும் என்ற எழுதப்படாத விதி பல இடங்களில் இருக்கிறது. கூட்டு ஆய்வு என்று எண்ணிக்கை ஏறும், கூட்டு இருக்காது. இதை எந்தச் சதமானம் கண்டுபிடிக்கும்?

ஓய்வுபெற்ற நூலகர், மதுரை

தங்களுக்கு நேர்ந்ததைப் படித்து வருந்தினேன், அம்மா. தாங்கள் சொல்வதில் முழு நியாயம் இருக்கிறது. எண்ணைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. ஆய்வு அளவீட்டு அறிஞர்கள் 2015இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட லைடன் அறிக்கையின் பத்து நெறிகளில் முதலாவதே, எண் நிபுணரின் தீர்ப்புக்குத் துணைநிற்க வேண்டும், அதன் இடத்தைப் பிடிக்கக் கூடாது என்பதுதான். துணை என்பது காவலும்தான். எண்கள் ஒரு திசையில் காட்டும்போது குழு வேறு திசையில் போனால், ஏன் என்று எழுத்தில் காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. அந்த அறிக்கையின் இன்னொரு நெறி, மதிப்பிடப்படுகிறவர் தம் தரவைச் சரிபார்க்க வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. விதிமுறையை விண்ணப்பம் வாங்குவதற்கு முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பெயர்களைப் பார்த்துவிட்டு விதி எழுதுவதில்தான் பாதி அநீதி நுழைகிறது.

உழைக்காதவர் பெயரையும் சேர்க்கும் கௌரவ ஆசிரியத்துவத்தை எந்தக் கருவியும் கண்டுபிடிக்காது. நேர்காணலில் கண்டுபிடித்துவிடலாம். தன் பெயர் தாங்கிய கட்டுரையின் மூன்றாவது படத்தை விளக்கச் சொல்லுங்கள், எழுதியவர் விளக்குவார்.

எண்ணோடு பணத்தை முடிச்சுப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சீனா சான்று. தரவுத்தளத்தில் இடம்பெறும் கட்டுரைக்கு ரொக்கப் பரிசு என்ற வழக்கம் அங்கே பல பல்கலைக்கழகங்களில் வேரூன்றியிருந்தது. 2020இல் அந்நாட்டு அரசே தலையிட்டு அதை நிறுத்தச் சொன்னது. உங்கள் விருது ஆண்டுதோறும் வரப் போகிறது. எச்-குறியீடு என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து எல்லோரும் அதற்காகவே எழுதத் தொடங்குவார்கள்.

தாவர வகைப்பாட்டாளர், திருச்சி

நான்காமவரைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று காத்திருந்தேன். எனக்கு அவர் யாரென்று தெரியாது, ஆனால் அவர் வேலை தெரியும்.

ஒரு செடிக்குப் பெயர் வைத்து விவரிக்கிறோம். அதன் பிறகு அந்தச் செடியைப் பற்றி மருந்தியலார், சூழலியலார், வேதியியலார் எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும் அந்தப் பெயர் வரும். பெயரை அடுத்து அதைச் சூட்டியவரின் சுருக்கப் பெயரும் வரலாம். ஆனால் கட்டுரையின் கடைசியில் மேற்கோள் பட்டியலில் மூலக் கட்டுரை வராது. வழக்கம் அப்படி. எந்தத் தரவுத்தளமும் அதை எண்ணாது. உங்கள் உயிர்வேதியியல் ஆசிரியர் ஒரு மூலிகையில் ஆய்வு செய்திருந்தால், அது சரியான செடிதான் என்று அவருக்கு அடையாளம் கண்டு கொடுத்தவர் உங்கள் தாவரவியல் ஆசிரியராகவே இருக்கக்கூடும். போய்க் கேட்டுப் பாருங்கள்.

கேம்பிள் 1915இல் தொடங்கி, அவர் மறைந்த பின் ஃபிஷர் 1936இல் நிறைவுசெய்த சென்னை மாகாணத் தாவரத் தொகுதியை நாங்கள் இன்றும் மேசையில் விரித்து வைத்துத்தான் செடியை இனம் காண்கிறோம். இங்கே திருச்சி புனித வளனார் கல்லூரியில் உலர்த்திய செடி மாதிரிகளைச் சேர்த்து வைக்கும் ராபினட் உலர்தாவரகத்தைத் தொடங்கிய கே. எம். மேத்யூ, தமிழ்நாட்டுச் சமவெளிக்கும் அதன் குன்றுகளுக்கும் 1980களில் தந்த தொகுதியும் அப்படியே. அவை தடித்த நூல்கள். தரவுத்தளங்கள் பெரும்பாலும் இதழ்களுக்கானவை. ஒருவர் வாழ்நாள் உழைப்பு நூலாக வந்தால் எச்-குறியீட்டில் அதிகம் போனால் ஒன்று கூடும்.

எண்ணின் கண் எங்களை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. விலங்கு வகைப்பாட்டில் பெரும்பங்கு வகிக்கும் ஜூடாக்ஸா இதழை, தன்மேற்கோள் மிகுதி என்று சொல்லி 2020இல் தாக்கக் காரணிப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். ஒரு துறையின் கட்டுரைகளில் பெரும்பகுதி ஒரே இதழில் வரும்போது அந்த இதழ் தன்னையே சுட்டாமல் வேறு எதைச் சுட்டும்? உலகெங்குமிருந்து வகைப்பாட்டாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு திரும்பச் சேர்த்தார்கள்.

அவரிடம் இவற்றைக் கேளுங்கள்: உலர்தாவரகங்களில் சேர்த்த மாதிரிகள் எத்தனை, அவற்றைப் பின்னர் யார் யார் ஆய்வுக்கு எடுத்தார்கள், விவரித்த புதிய இனங்கள் எவை, அவர் தந்த பெயர்கள் நிலைத்தனவா. இதற்கெல்லாம் எழுத்துச் சான்று உண்டு. மாதிரி ஒவ்வொன்றிலும் சேகரித்தவர் பெயரும் எண்ணும் இடமும் நாளும் ஒட்டப்பட்டிருக்கும்.

இயற்பியல் ஆசிரியை

இத்தனை பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. உயிர்வேதியியல் ஆசிரியரிடம் கேட்டேன். திருச்சி ஐயா ஊகித்தது சரி. அவருடைய மூலிகை மாதிரிகளை அடையாளம் கண்டவர் எங்கள் தாவரவியல் ஆசிரியர்தான். நன்றியுரையில் ஒரு வரி இருக்கிறது.

முதல்வரிடம் இப்படி எழுதிக் கொடுக்கப் போகிறேன். விண்ணப்பிப்பவர் கடந்த ஐந்து ஆண்டுகளின் பணிகளில் மூன்றைத் தாமே தேர்ந்தெடுப்பார். கட்டுரை, நூல், மாதிரித் தொகுப்பு, கருவி எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றிலும் தம் பங்கு என்ன என்று அரைப் பக்கம் எழுதுவார். அத்துறையைச் சேர்ந்த, கல்லூரிக்கு வெளியே உள்ள இருவர் படித்துக் கருத்து எழுதுவார்கள். விண்ணப்பிப்பவர் சரிபார்த்துக் கையெழுத்திட்ட ஓப்பன்அலெக்ஸ் அறிக்கை, துறைச் சதமானத்தோடும் தன்மேற்கோள் நீக்கியும், பின்னிணைப்பாக இருக்கும். எச்-குறியீடு அதில் வராது. எண்ணும் கருத்தும் முரண்பட்டால் குழு காரணத்தை எழுதி வெளியிடும். உதவிப் பேராசிரியை அம்மா கேட்டதற்கும் விடை வேண்டும் அல்லவா? வெளி நிபுணர்களை நிர்வாகம் தேர்ந்தெடுக்காது. ஆறு பெயர்களில் குலுக்கி இருவரை எடுப்போம்.

ஓர் ஐயம் மட்டும் மிஞ்சுகிறது. முதல்வர் நால்வருக்கும் கடைசியில் ஒரே ஒரு மொத்த மதிப்பெண் வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார். சதமானங்களைக் கூட்டிக் கொடுத்துவிடலாமா?

ஓய்வுபெற்ற நூலகர், மதுரை

கூட்ட வேண்டாம், அம்மா. தாவரவியல் ஆசிரியரின் பணியில் பாதி தரவுத்தளத்துக்குள்ளேயே வரவில்லை. இல்லாததைப் பூச்சியம் என்று எண்ணிக் கூட்டியதாகிவிடும். நான்கு பேருக்கும் தனித்தனியே ஒரு பக்க அறிக்கை வையுங்கள். மொத்த மதிப்பெண் வேண்டுமென்று அவர் வற்புறுத்தினால், நிபுணர்கள் இருவரும் கொடுக்கும் தரநிலையை வைத்து முடிவு செய்யுங்கள்.

இயற்பியல் ஆசிரியை

அப்படியே செய்கிறேன், ஐயா. கணித ஆய்வாளர் ஐயா, அந்த ஆறு பெயர்கள் கொண்ட பட்டியலில் உங்களைச் சேர்க்கலாமா? கட்டுரைகளைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

கணித ஆய்வாளர், சென்னை

அனுப்புங்கள், அம்மா. முதலில் பெயரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அவரோடு நான் சேர்ந்து எழுதியிருந்தாலோ, அவர் என் நெறியாளரின் மாணவராக இருந்தாலோ விலகிக்கொள்வேன். அப்போது அத்துறையில் வேறு இரண்டு பெயர்கள் தருகிறேன். கட்டுரையைப் படிக்க எனக்கு மூன்று வாரமாவது வேண்டும்.